போகும்போது இடது, வரும்போது வலது

நவம்பர் 4, திங்கள்

ஒரு வேலையைத் தொடங்குமுன் அதன் பகுதிகளை எண்ணிட்டு எழுதிக்கொள்வது என் பழக்கம். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியே வயதானவனுக்கு வேறு விதமாக யோசிக்க வராது. எங்கள் ஜீப்பின் முன் சக்கரங்களை நானே நேர்செய்யப் போகிறேன். இனி வரும் பக்கங்களில் இருக்கப்போவது இவ்வளவுதான்:

1. வண்டியை நிறுத்தச் சமமான தரை தேடுவது. இந்த மலையில் அது எளிதல்ல.
2. டயர் காற்று, சக்கர பேரிங், ஸ்டீயரிங் மூட்டுகள் ஆகியவற்றை முதலில் பார்ப்பது. இவை தளர்ந்திருந்தால் அளப்பது வீண்.
3. இரண்டு முன் சக்கரங்களுக்கும் இடையே முன்புற அகலம், பின்புற அகலம் இரண்டையும் அளந்து, வித்தியாசத்தை மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது.
4. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் வண்டியில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. இதில் எனக்கு ஐயமில்லை.
5. சரிசெய்தபின் அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது.
6. இருபதாம் தேதி என் மனைவி அரசியிடம் முடிவைச் சொல்வது.

"ஐயமில்லை" என்று நான் எழுதுவது அபூர்வம். எழுதிய பிறகு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டும். நேற்று மூங்கில்கொம்பையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கோத்தகிரிக்கு அப்பால், எங்கள் வீட்டிலிருந்து அந்தக் குடியிருப்புக்குப் போகும் சாலை ஒரே மலைச்சரிவைச் சுற்றிப் போகிறது. போகும்போது மலை இடது பக்கம், பள்ளம் வலது பக்கம். வரும்போது பள்ளம் என் பக்கம், அதாவது இடது இருக்கைக்கு நேர் கீழே. அரசிதான் ஓட்டுவாள். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. வண்டி வலது பக்கமாக நகர்ந்து நகர்ந்து சாலையின் நடுவையும் தாண்டிவிட்டது. வளைவில் பால் வேன் எதிரே வந்தது. அரசி இடது பக்கம் வெட்டித் திருப்பினாள். என் பக்கச் சக்கரங்கள் ஓரத்துக் கற்களைத் தெறிக்கவிட்டன. அவை கீழே போய் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

வேன்காரன் தலையை வெளியே நீட்டி, "யக்கா, உங்க ரோடு அந்தப் பக்கங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

அரசி வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

"இழுக்குதா?" என்றேன்.

"இழுக்குது" என்றாள்.

அரசி கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். வருகிற இருபத்திரண்டாம் தேதி மூங்கில்கொம்பையில் மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி முகாம். கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் பாறையும் சேறும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் தவிர வேறெதுவும் ஏறாது. அதனால்தான் பால் சங்கத்தார் இவளைக் கேட்டார்கள். இவளும் ஒப்புக்கொண்டாள். இன்று காலை காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"இருபதாம் தேதி நீங்க சொல்லுங்க. வண்டி சரின்னா போறேன். இல்லன்னா முகாமைக் கீழ ரோட்டுக்கு மாத்தச் சொல்லிடறேன். வண்டியையும் சேவியருக்கே குடுத்துடலாம். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கார்."

சேவியர் தங்கும் விடுதி நடத்துபவர். சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போக எங்கள் ஜீப்பின் மேல் அவருக்கு ஒரு கண்.

"கீழ ரோட்டுக்கு மாத்தினா?"

"சினை மாட்டை யாரு அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிட்டு வருவா? பாதி வராது. போன தடவை கோமாரி வந்தப்ப அங்க தொழுவமே காலியாச்சு."

"முடிவை நான் எதுக்குச் சொல்லணும்? ஓட்டறவ நீ."

"அளந்து சொல்ற ஆள் நீங்கதானே" என்று காபியைக் கையில் கொடுத்தாள்.

அலைன்மென்ட் செய்யும் இயந்திரம் சமவெளியில்தான் இருக்கிறது. இழுக்கிற வண்டியில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க எனக்குத் துணிவில்லை. ஆகவே நானே.

நவம்பர் 5

மழை. ஜீப்பின் கையேட்டைப் படித்தேன்.

நவம்பர் 6, புதன்

சமமான தரை கிடைத்தது. பால் சங்கத்தின் பின்னால் உள்ள சிமென்ட் களம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலைகளையும் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் சற்றுத் தாழ்வு. அங்கே ஒரு பலகைத் துண்டு போட்டால் போதும்.

சங்கச் செயலாளர் போஜன் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். வாட்டசாட்டமான மனிதர். பேசாமல் இருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

"என்ன சார், களத்துக்குக் காய்ச்சல் பாக்கறீங்களா?"

விளக்கினேன். முன் சக்கரங்கள் மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் ஒரு நூலிழை நெருங்கி இருக்க வேண்டும், அதிகம் நெருங்கினாலும் விலகினாலும் வண்டி அலையும் என்றேன். கேட்டுக்கொண்டார்.

"என் ரெண்டு காலும் அப்படித்தான் சார் இருக்கு. நான் நேராத்தான் போறேன். வீட்டுக்காரி மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறா."

களத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். பால் வண்டி வரும் நேரம் மட்டும் கூடாது.

நவம்பர் 8, வெள்ளி

இரண்டாம் எண் முடிந்தது. டயர்களில் காற்று சமம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஸ்டீயரிங் மூட்டுகளில் ஒன்றில் லேசான தளர்ச்சி இருப்பதாகத் தோன்றியது. பிறகு இல்லை என்று தோன்றியது. அரசியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒரு முறை பிடித்து ஆட்டிவிட்டு, "கெட்டியா இருக்கு. நீங்கதான் ஆடறீங்க" என்றாள்.

இரண்டு முன் டயர்களிலும் வெளி ஓரம் அதிகம் தேய்ந்திருக்கிறது. முன்பக்கம் மிகவும் நெருங்கிய சக்கரங்கள் இப்படித்தான் தேயும் என்று கையேடு சொல்கிறது. மகிழ்ச்சியாக இருந்தது. டயர்களின் வெளிச்சுவர்களில் கல் உரசிய கீறல்களும் உள்ளன. அவை இந்தக் கணக்கில் சேராது.

நவம்பர் 9, சனி

அளந்தேன். செய்முறை: சக்கரத்தைத் தூக்கி, டயரின் நடுவில் சாக்கட்டி பூசி, ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் சுற்றிலும் மெல்லிய கோடு விழும். இரண்டு டயர்களிலும் கோடு போட்டபின் வண்டியை இறக்கி, கோட்டிலிருந்து கோட்டுக்கு முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் தேவை. அரசி பிடித்தாள்.

முதல் அளவு இருபத்திரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டியது. இப்படி ஒரு வண்டியிலா போய் வந்தோம்? பிறகுதான் நினைவு வந்தது, ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரங்கள் கோணலாக உட்கார்ந்திருக்கும். உருட்டினோம். இருவரும் தள்ள, போஜன் பின்னால் வந்து ஒரு கை வைத்ததும் வண்டி களத்தின் மறுகோடிக்கே போய்விட்டது.

மறுபடி அளந்தேன். ஒன்பது. இன்னொரு முறை. ஒன்பது. மூன்றாம் முறை டேப்பைப் பிடித்தபோது, "ஏங்க, நான் பிடிச்சிருக்கறது டேப்பு முனைதான். நம்பலாம்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மறுபக்கச் சக்கரத்துக்குக் கீழே அவள் முகம் தெரிந்தது. கன்னத்தில் சாக்கட்டி.

மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. நான் சொன்னது சரிதான். வண்டியில்தான் காரணம்.

நவம்பர் 11, திங்கள்

இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் இரு முனைகளிலும் எதிரெதிர் மரை. கம்பியை ஒரு பக்கம் திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் சுருங்கும். திருகத்தான் முடியவில்லை. துரு. நேற்று மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். இன்று பைப் ரெஞ்சைப் பிடித்து ஒரு மணி நேரம் தொங்கினேன். அசையவில்லை.

அரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, "நகருங்க" என்றாள். மல்லாந்து படுத்தாள். ஒரு காலை வண்டியின் சட்டத்தில் ஊன்றினாள். ஒரே இழுப்பு. கிரீச்சென்று கம்பி சுழன்றது.

"டாக்டரம்மா கன்னுக்குட்டி இழுத்த கை சார் அது" என்றார் போஜன். "துரு என்ன பண்ணும்?"

அரசி எழுந்து உள்ளங்கைகளைத் துடைத்தாள். பால் வேன் எதிரே வந்த நாளிலிருந்து இல்லாத சிரிப்பு ஒன்று முகத்தில் இருந்தது. "இந்தக் கைக்கு இன்னும் பலம் இருக்குங்க" என்றாள். இருக்காது என்று யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தவறான திசையில் திருகிப் பதினொன்றாக்கினேன். பிறகு சரியான திசை. மாலைக்குள் மூன்று. லாக் நட்டுகளை முறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்று.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். சிமென்ட் சில்லென்று இருந்தது. எண்ணெய் வாசனை. அரசி தட்டில் சூடான பணியாரம் கொண்டுவந்து தரையில் வைத்து உள்ளே தள்ளினாள். படுத்துக்கொண்டே தின்றேன். இந்த வயதில் இது ஒரு நல்ல நாள்.

நவம்பர் 13, புதன்

மூங்கில்கொம்பை சாலையில் பாறை தொடங்கும் இடம்வரை போய்த் திரும்பினோம். ஸ்டீயரிங் இலகுவாகிவிட்டது என்று அரசி சொன்னாள். அலைவு இல்லை. ஆனால்:

போகும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. வரும்போது வலது பக்கம் இழுத்தது.

ஒரு வண்டி எப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்? வீட்டுக்கு வந்து யோசித்தேன். போகும்போது ஏற்றம், எடை பின்னால் போகிறது. வரும்போது இறக்கம், எடை முன்னால் வருகிறது. எடை மாறும்போது பழைய பட்டை ஸ்பிரிங்குகள் அச்சை ஒருபக்கம் திருப்பலாம். ஏற்றத்தில் ஒரு பக்கம், இறக்கத்தில் எதிர்ப்பக்கம். படம் வரைந்து அம்புக்குறிகள் போட்டேன். அழகாக இருக்கிறது.

அரசி படத்தைப் பார்த்தாள். "ம்" என்றாள். இரவு சாப்பிடும்போது சேவியரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

பள்ளி மைதானத்தில் அனுமதி கேட்டு ஓட்டிப் பார்த்தோம். சமதளம். அரசி கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து சற்று எடுத்துப் பிடித்தாள். வண்டி கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பத்துக்கு நேராகப் போனது. என் ஸ்பிரிங் கொள்கைக்கு இது வலு சேர்க்கிறது.

பல் வலி.

நவம்பர் 15, வெள்ளி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கன்னம் வீங்கிவிட்டது. பாதையில் சேறு எப்படி இருக்கிறது என்று பார்க்க அரசி போக வேண்டியிருந்தது. எனக்குப் பதில் போஜன் ஏறிக்கொண்டார்.

நான் பின்புறத் தோட்டத்தில் நாற்காலி போட்டு, கன்னத்தில் துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் அந்தச் சாலையின் ஒரு நீளமான பகுதி தெரியும். எத்தனையோ ஆண்டுகளாக அந்தச் சாலையைத் தோட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஜீப் அதில் போவதைப் பார்த்ததில்லை. அது போகும்போதெல்லாம் நான் உள்ளே இருப்பேன்.

பச்சைப் பூச்சி போல் ஊர்ந்து வந்தது. தன் பாதியில், தன் ஓரத்தில், ஒரே சீராக. திரும்பி வரும்போதும் அப்படியே. பள்ளத்துப் பக்கம்தான் அதன் பாதி. அந்தப் பாதியிலேயே வந்தது.

வந்ததும் அரசி சாவியை மேசைமேல் சுழற்றிப் போட்டாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கை கழுவப் போனாள்.

"சரியாயிடுச்சு சார்!" என்றார் போஜன். "நூல் பிடிச்ச மாதிரி ஓட்டினாங்க. நீங்க மெக்கானிக் கடை போட்டா நான்தான் முதல் போணி."

இழுப்பு நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பல் பிடுங்கிய இடம் வலித்தது.

நவம்பர் 16, சனி

நானும் அரசியும் போனோம். போகும்போது இடது. வரும்போது வலது.

அரசி வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒரு கோப்பையைக் கையை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்குகிறதா என்று பார்க்கிறாள். நான் பார்ப்பது தெரிந்ததும் கோப்பையை வைத்துவிட்டாள்.

"நேத்து நேராத்தான் போச்சு" என்றாள். "இன்னிக்கு இழுக்குது. அப்ப வண்டி இல்லங்க."

"வண்டிதான்" என்றேன். நாலாம் எண்.

நவம்பர் 17, ஞாயிறு

புதிய கருதுகோள்: எடை. போஜன் கனமானவர், நான் ஒல்லி. இடது இருக்கையில் கனம் அதிகமானால் வண்டி சமநிலைக்கு வருகிறது. சங்கத்தில் தீவனம் நிறுக்கும் தராசில் போஜனை ஏறச் சொன்னேன்.

"சார், இதுல தவிடும் புண்ணாக்கும்தான் நிறுத்திருக்கோம்."

"ஏறுங்க."

"எத்தனைன்னு மட்டும் சத்தமா படிக்காதீங்க. உள்ள வீட்டுக்காரி இருக்கா."

அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தீவன மூட்டை ஒன்றை என் காலடியில் வைத்துக்கொண்டு, முழங்கால்கள் மோவாயைத் தொடும்படி உட்கார்ந்து போனேன். பாறை தொடங்கும் இடம்வரை. இடது. திரும்பி. வலது. வளைவில் மறுபடியும் எதிரே ஏதோ வந்தது, இந்த முறை ஒரு மோட்டார் சைக்கிள். அவன் இளைஞன், ஒதுங்கிக்கொண்டான்.

அரசி வழியிலேயே நிறுத்தினாள்.

"இது ஆபத்துங்க. யாராவது செத்துப் போவாங்க. எனக்கு அறுபத்தஞ்சு. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். ஒத்துக்க வேண்டியதுதான்." பிறகு, "நாளைக்கு சேவியரை வரச் சொல்றேன்" என்றாள்.

"இருபதாம் தேதிவரை நேரம் குடுத்திருக்க."

"குடுத்தேன்" என்றாள். வண்டியைக் கிளப்பினாள். வீடு வரும்வரை ஆள் நடக்கும் வேகத்தில் வந்தோம்.

நவம்பர் 18, திங்கள்

எல்லா ஓட்டங்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். நாள், சாலை, சரிவு, மழை, சக்கர அளவு, எடை, இழுப்பு. சக்கர அளவை மாற்றினேன், எடையை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ஒரே ஒரு நாள் அது தானாக மாறியது, பல் வலியால்.

முதலாண்டு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பேன், அளப்பவனும் சோதனையின் ஒரு பகுதியா என்று முதலில் பார் என்று.

இடது, வலது என்று எழுதியதை அடித்துவிட்டு, மலைப்பக்கம், மலைப்பக்கம் என்று எழுதினேன். கட்டம் முழுவதும் ஒரே சொல்.

தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வண்டி போய்விட்டால் நான் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை. அப்படி ஒரு எண்ணம் வந்தது உண்மை. ஆனால் அவள் காலையில் மறுபடியும் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"அரசி, ஒரு சின்னச் சோதனை இருக்கு. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

ஜீப்பின் பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். போகும்போது வலது பெஞ்சில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டேன். வண்டி தன் பாதியில் நேராகப் போனது. வரும்போது மறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். அதே. நடுவில் வேண்டுமென்றே கைக்குட்டையை எடுத்துவிட்டு, திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தேன். "ஸ்ஸ்" என்று என் மூச்சு உள்ளே போனது. அந்தக் கணமே வண்டி மலைப்பக்கம் ஒதுங்கியது.

"நிறுத்து" என்றேன்.

நிறுத்தினாள். அவளிடம் விளக்கினேன். கட்டம் போட்ட தாளையும் காட்டினேன். நான் பள்ளத்தைப் பார்க்கும்போது மூச்சை இழுக்கிறேன், கைப்பிடியை இறுக்குகிறேன், உடம்பு மலைப்பக்கம் சாய்கிறது. அவள் கை அதைக் கேட்டு வண்டியைத் திருப்புகிறது. அவள் அறியாமலே. சென்ற மாத மழையில் அந்தச் சாலையின் ஓரம் அரித்துப்போனதிலிருந்து என் பயம் கூடியிருக்கிறது. இழுப்பும் கூடியிருக்கிறது.

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. நான் இல்லாதப்ப அது நூல் பிடிக்குது."

தாளை வாங்கிக் குனிந்து பார்த்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள்.

"அந்தத் தீவன மூட்டை!" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எனக்கு வயசாயிடுச்சுன்னு ஸ்கேன் எடுக்கறதுவரைக்கும் யோசிச்சுட்டேங்க" என்றாள்.

"மன்னிச்சுக்க."

"எதுக்கு? நீங்க பயப்படறது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். என் கைக்கும் தெரியும்னுதான் தெரியல."

நவம்பர் 20, புதன்

ஆறாம் எண். காலை காபியின்போது முறைப்படி சொன்னேன். "வண்டி சரி. நீ போகலாம். நான் வரல. போஜன் முன்னாடி உட்காரட்டும்."

"மாட்டுக் காதுல நம்பர் தோடு மாட்டினதும் அதை யார் எழுதறது? போஜன் எழுத்தைப் போஜனே படிக்க முடியாது."

"பயம் என்னோடதான் வரும், அரசி."

"வரட்டும். பின் பெஞ்சுல இடம் இருக்கு."

சேவியருக்கு அவளே தொலைபேசியில் பேசினாள். "இல்லைங்க, குடுக்கறதா இல்ல. அலைன்மென்ட்டெல்லாம் வீட்டுக்காரரே பண்ணிட்டார்."

நவம்பர் 21

பனி. தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டிகள் வந்துவிட்டன. லாக் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகவே இருக்கின்றன.

நவம்பர் 22, வெள்ளி

முகாம் முடிந்தது. எண்கள் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது என்றாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

முன்னிருக்கையில் போஜன், மடியில் தடுப்பூசிப் பெட்டி. பின்னால் நான், மலையைப் பார்த்தபடி. பாறைப் பாதையில் ஏறினோம். மூங்கில் புதரைத் தாண்டியதும் அரசி வண்டியை நிறுத்திவிட்டாள். மேலிருந்து ஒரு பாறை சரிந்து மலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பள்ளத்து ஓரத்தை ஒட்டித்தான் வழி.

"இன்னிக்கு உங்களுக்காக ஒதுங்க அங்க இடமே இல்லங்க" என்றாள்.

போஜன் எட்டிப் பார்த்தார். "பெட்டியை நான் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போறேன் டாக்டரம்மா."

"ஐஸ் பெட்டி மூணு இருக்கு. தோடு மாட்டற கருவி, கயிறு, மருந்து வேற. ஒரு தலைதானே உங்களுக்கு?"

நான் இறங்கினேன். டேப்பை எடுத்துப் பாறையிலிருந்து ஓரம்வரை அளந்தேன். பிறகு வண்டியின் சக்கரங்களை வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம்வரை அளந்தேன். வண்டி போக இரண்டு சாண் மிச்சம். ஓரத்து மண் தாங்குமா? குச்சியால் குத்தினேன். கீழே பாறைதான். போஜன் அதன் மேல் ஏறி இரண்டு முறை குதித்தார். "என்னைத் தாங்குதுன்னா ஜீப்பையும் தாங்கும் சார்."

"போலாம்" என்றேன். சொன்னது நானா என்று எனக்கே வியப்பு. "நான் முன்னாடி நடக்கறேன். என்னைப் பார்த்து ஓட்டு."

வண்டிக்கு முன்னால் நின்று, அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தேன். என் கண் முன் சக்கரங்கள் இரண்டின் மேல் மட்டும். அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். கையைத் தூக்கி, கொஞ்சம் வலது, நேர், நேர், அப்படியே, என்றேன். வலது சக்கரம் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உருண்டது. இடது சக்கரம் பாறையை உரசாமல் வந்தது. ஓரத்திலிருந்து ஒரு சிறு கல் கழன்று விழுந்தது. விழட்டும் என்று கையை அசைத்தேன். அரசியின் கண் என் கையை விட்டு நகரவில்லை. அவள் கை என்னை நம்பி வலது பக்கம், பள்ளத்துப் பக்கம், நான் சொன்ன அளவுக்குத் திரும்பியது.

வண்டி முழுவதும் இந்தப் பக்கம் வந்ததும் அரசி பிரேக் போட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"நீங்க மூச்சே இழுக்கலையே?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பள்ளம் அங்கேதான் இருந்தது, எப்போதும் போல ஆழமாக. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். போஜன் தண்ணீர் கொடுத்தார்.

மூங்கில்கொம்பையில் மாடுகள் காத்திருந்தன. சினை மாடுகளும். ஒரு கிழவர் தன் எருமைக்கு ஊசி வேண்டாம், அது கோபக்காரி என்றார். அரசி அதன் காதில் என்னவோ சொன்னாள். போட்டு முடித்துவிட்டாள். நான் கல்லில் உட்கார்ந்து தோட்டு எண்களை எழுதினேன். ஒரு கன்று என் சட்டைக் கையை மென்றது. ஒரு எண் கூடத் தவறவில்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

போஜன் ஏதோ வேலையாக அங்கேயே தங்கிவிட்டார். திரும்பும்போது முன்னிருக்கை காலி.

"எங்க உட்காரப் போறீங்க?" என்றாள்.

பெஞ்சைப் பார்த்தேன். முன்னிருக்கையைப் பார்த்தேன். முன்னால் ஏறினேன். பாறை இருந்த இடத்தில் இறங்கி நடந்தேன், மற்ற இடங்களில் உட்கார்ந்தே வந்தேன். தார்ச்சாலையில் வண்டி ஒரு முறை வலது பக்கம் ஒதுங்கியது. "நீங்க" என்றாள். வெளியே பார்ப்பதை விட்டு அவள் கைகளைப் பார்த்தேன். வண்டி தன் பாதிக்குத் திரும்பியது. வீடு வருவதற்குள் இன்னும் இரண்டு முறை ஒதுங்கியது. இரண்டு முறையும் சிரித்தோம்.

நவம்பர் 23, சனி

நன்றாகத் தூங்கி எழுந்தேன். முதல் பக்கத்தைத் திருப்பி எண்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சரி. மூன்றில் ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது உண்மை, அதை மூன்றாக்கியதும் உண்மை. ஐந்தும் ஆறும் முடிந்தன.

நான்காவது தவறு. ஐயமில்லை என்று வேறு எழுதியிருக்கிறேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நான் பயந்த இடத்திலிருந்து என்னைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனது அரசியின் கை.